சேதி போய்ச் சேராத குதிரைப்படை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் நண்பனும் நானும், ஞாயிறு பூசை முடிந்ததும் கல்மண்டபம் பகுதியில் இருந்த அவன் வீட்டு மேசையில் பாண்டியரையும் சோழரையும் மோதவிடுவோம். கட்டைவிரல் உயரப் பொம்மைகள், பகடை, அளக்க ஒரு டேப். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட்தான் வர்ணம். என் சோழர்கள் அத்தனை பேரும் விசைப்படகு நீலம். ஆனால் எங்களுக்குள் பெரிய சண்டையே எந்த விதிப்படி ஆடுவது என்பதுதான்.

நான் இணையத்தில் எடுத்த தடித்த விதிப்புத்தகத்தின் ஆள். களைப்புக்கு ஒரு அட்டவணை, மேட்டுநிலத்துக்கு ஒரு அட்டவணை. அரசன் விழுந்தால் படை உடையும், ஆட்டம் முடிந்தது. அவனுடையது நாலே பக்கம். அதில், அரசன் விழுந்த சேதி ஒரு சுற்றுக்கு ஒரு சாண்தான் நகரும். நடுவில் எதிரி நின்றால் தாண்டாது. சேதி எட்டாதவன் சண்டையைத் தொடர்வான். இதெல்லாம் ஒரு விதியா என்று எரிந்து விழுவேன்.

"தெரியாதவனுக்கு ராஜா இன்னும் சாவல மாமு" என்பான்.

கடைசி ஞாயிறு, என் வில்லாளி அவனுடைய பாண்டிய அரசனை வீழ்த்தினான். ஜெயித்துவிட்டேன் என்றேன். ஓரத்தில் நின்ற குதிரைப்படையைக் காட்டி, ஆட்டம் இன்னும் இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான். அந்த வாரமே வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான், பாவி.

செத்தும் விடவில்லை. பஸ்ஸில், குளிக்கும்போது, பூசை நடுவில்கூட என் காதருகே வாதாடினான். அவன் மனைவி மேசையைக் கலைக்க விடவில்லை. ஞாயிறுதோறும் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். பொம்மைகள் மேல் துறைமுகத்துக் கரித்தூசி படிந்துகொண்டே வந்தது.

போன ஞாயிறு அந்தக் குதிரைப்படை முன்னேறி நின்றது. தூசியில் அது வந்த தடம் சுத்தமாகத் தெரிந்தது.

சமையலறையிலிருந்து அவன் மனைவி வந்தாள்.

"நாந்தாண்ணா நவுத்தினேன். அவரு ரூல்படி அதுக்கு இன்னும் சேதி போவல. ராஜா வுழுந்த எடத்துலேந்து ஒரு சாண் தள்ளி கீது. இப்போ உங்க முறை."

இத்தனை வருஷம் எங்களுக்கு டீ கொடுத்துக்கொண்டே அந்த நாலு பக்கத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறாள். டேப்பை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு சாண். என் முறை முடிந்தால் சேதி எட்டிவிடும், குதிரைகள் உடையும், ஆட்டம் முடிந்து மேசை காலி.

என் ஈட்டிப்படையை அணியிலிருந்து பிய்த்தெடுத்து, விழுந்த அரசனுக்கும் குதிரைகளுக்கும் நடுவில் நிறுத்தினேன். என் படையின் ஒரு பக்கம் முழுக்கத் திறந்துகொண்டது. அவள் பார்த்தாள். அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பகடையை எடுத்தாள்.