கீழ்ப்பக்க அறை

பசறையிலிருந்து மேலே ஏறும் தேயிலைத் தோட்டத்துப் பாதையில், சரிவின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே வந்து மாமனார் தன் கையால் கட்டியது. பள்ளத்தைப் பார்த்த கீழ்ப்பக்க அறையில் அவர் மட்டும்தான் படுப்பார். படிக்கிற பிள்ளைக்குக் கொடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். மனிதர் மசியவில்லை. நல்ல காற்று வரும் அறையைப் பேத்திக்குக்கூட விட்டுத்தர மனமில்லையே என்று எனக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

போன மழையில் அந்த அறைச் சுவரில் ஈரம் ஏறியது. வெளியே அத்திவாரத்தை ஒட்டிப் போட்டிருந்த பழைய கொங்கிரீட் தட்டு, சுவரை விட்டு விலகி, இடைவெளியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதை உடைத்தெடுத்துப் புதிதாகப் போடுவோம் என்று கணவரை நச்சரித்தேன்.

"வேணாம் தாயி, அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போவுது," என்றார் மாமனார்.

"உங்களுக்கு எதச் செஞ்சாலும் வேணாந்தான் மாமா," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

கணவர் சம்மட்டியால் உடைத்து, இரும்பு அலவாங்கால் நெம்பினார். ஒரு தட்டைப் பெயர்த்தால் அடியில் இன்னொன்று. அதற்கும் கீழே வேறொன்று. அடியில் போகப் போக, பள்ளத்துப் பக்கம் தட்டுகளின் சரிவு கூடிக்கொண்டே போனது. கடைசித் தட்டும் போனதும் மண்ணில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு, சுவரின் நீளத்துக்கு. அலவாங்கை உள்ளே விட்டுப் பார்த்தார். பாதிக்குமேல் இறங்கியும் அடி தட்டவில்லை. பெரிய மழை பெய்தபோதெல்லாம் மண் நகர்ந்திருக்கிறது; மாமனார் மேலே மேலே சீமெந்து போட்டு மூடியிருக்கிறார்.

"அட கடவுளே! தெரிஞ்சுதானா மாமா இருந்தீங்க?"

"தெரியும். சொன்னா எங்க போவீங்க? திரும்ப லயத்துக்கா?"

நாளைக்கே விவரம் தெரிந்த யாரையாவது கூட்டிவந்து காட்டவேண்டும் என்று கணவர் சொன்னார். வெடிப்பின்மேல் தகரத்தை இழுத்துப் போட்டார்.

சாயங்காலம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. தூறல் விழுந்ததும் மாமனார் தலையணையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குக் கிளம்பினார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னைக்காவது எங்களோட மேல படுங்க மாமா. ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

"வழிய விடு தாயி. வீடு அசைஞ்சா மொதல்ல அங்கதான் தெரியும். நான் அங்க படுத்தாத்தானே ஒங்கள எழுப்ப முடியும்."