ஆராயி அக்கா கொடுத்த மண்

ஆராயி அக்காவைப் பற்றி யார் தப்பாகப் பேசினாலும் எனக்குக் கோபம் வரும். வாயாடி என்பார்கள். வாயாடிதான், யார் இல்லையென்று சொன்னது? மாசியிலிருந்து ஆடி வரைக்கும் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் கூலி வேலை. மழை விழுந்து அளம் மூழ்கியதும் ஓடைக்கரையில் இருக்கும் தன் ஒன்றரை ஏக்கரில் நெல், அப்புறம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. புருஷன் செத்துப் பதினோரு வருஷம். பாதி வருஷம் உப்பை வாரி, மீதிப் பாதி அதே உப்பு வயலுக்குள் வராமல் காவல் காப்பதுதான் அவள் பிழைப்பு.

காலையில் மோட்டார் போட்டதும் முதல் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கொஞ்சம் கரித்தாலும் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணறு ஊறட்டும் என்று உட்கார்ந்துவிடுவாள். "அவசரப்பட்டு உறிஞ்சினா கடலு உள்ள வந்துடும்பா" என்பாள். மற்றவர்கள் போர் போட்டு இருநூறு அடிக்கு இறங்கினார்கள். அவள் அந்தப் பழைய கிணற்றை விடவில்லை.

போன வருஷம் வயலின் கிழக்கு மூலையில் ஒரு கட்டில் அகலத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்தது. மண்ணைச் சோதித்துச் சீட்டு வாங்கினால் உப்பை முறிக்க வேளாண்மை ஆபீஸில் ஜிப்சம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தாலுகா ஆபீஸ் எதிரே இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு மனு எழுத வந்தாள்.

"மண்ணு எப்பிடி எடுக்கணுமாம், அருள்மொழி?"

அவள் கொண்டுவந்த நோட்டீஸில் தெளிவாகத்தான் இருந்தது. பதினைந்து இடத்தில் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழம் வெட்டி, எல்லாவற்றையும் கலந்து அரைக் கிலோ எடுக்க வேண்டும். அதைப் படித்துக் காட்டிவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாயில் இடி விழ!

"இப்பிடி எடுத்தா மண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு அனுப்பிடுவாங்க. அந்த மூலையில சுரண்டி எடுத்துனு போக்கா" என்றேன்.

எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். டாக்டரிடம் காய்ச்சலைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதில்லையா, அந்த மாதிரி. "ஜெராக்ஸ் மொதலாளிக்கு மூளைதாம்பா" என்று சிரித்துக்கொண்டே போனாள். எட்டு மூட்டை ஜிப்சம் வந்தது. அவளே தூவினாள்.

நான்கு மாதம் கழித்துப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டினார்கள். மண்ணையும் நிலத்தடி நீரையும் பார்த்து, எந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று போட்ட வரைவுத் திட்டமாம். எங்கள் ஓடைக்கரை நாற்பது ஏக்கரும் ஒரே பழுப்பு. உவர் நிலம், சாகுபடிக்கு ஏற்றதல்ல, இறால் குட்டைக்கு அனுமதிக்கலாம் என்று கீழே போட்டிருந்தது. அக்காவின் ஒன்றரை, என் முக்கால் ஏக்கர் எல்லாம் அதற்குள்ளே. என்னய்யா கூத்து இது என்று விசாரித்தால், அந்த நாற்பது ஏக்கரில் மண் கொடுத்த ஒரே ஆள் அக்காதான். அவள் சீட்டில் இருந்த உப்பு அளவையே மொத்தத்துக்கும் போட்டுவிட்டார்கள்.

ஓடிப்போய்ச் சொன்னேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவள் அப்படியே அளத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"பக்கத்துல குட்டை வெட்டினா என் கெணறு போச்சுப்பா. கெணறு போனா நான் எதுக்கு இருக்கணும்?"

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஊர் முன்னால் எழுந்து நின்றாள். "அது சுரண்டிக் குடுத்த மண்ணுங்க. எங்க நெலம் நல்ல நெலம். தப்பு எம்மேல" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஆளாளுக்கு ஏசினார்கள். வேளாண்மை அலுவலர் ஜான்சி மேடம் சின்ன வயசு, நல்ல மனுஷி.

"யாருக்கா இப்பிடி எடுக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

"என் புத்திதாம்மா" என்றாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் பின்வரிசையில் மொபைலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

மறுபடி மண் எடுத்துச் சோதித்தால் வரைபடத்தில் நிறத்தை மாற்ற எழுதுகிறேன், ஆனால் அதற்கு மேலிடத்து உத்தரவு வர வேண்டும் என்றார் மேடம். உத்தரவு வர ஏழு மாதம் ஆனது. வாரம் தவறாமல் அக்கா ஆபீஸ் படியேறினாள், நான் மனு எழுதிக்கொடுத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கிழக்கு வயல்காரர் கலியபெருமாளால் ஏழு மாதம் பொறுக்க முடியவில்லை. அந்த வரைவைக் காட்டியே அனுமதி வாங்கி, சென்னைக்காரர் ஒருவருக்குக் குட்டை வெட்ட விட்டார். ஜேசிபி முன்னால் போய் அக்கா நின்றாள்.

"ரெண்டு முட்டியும் போயிடுச்சு ஆராயி. எனக்குப் பயிர் வெக்க யாரு இருக்குது? வுடு" என்றார் கலியபெருமாள். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவரை எதற்குத் திட்டுவது என்று அக்கா நகர்ந்துவிட்டாள்.

கழுவெளி ஏரிப் பக்கத்து ஓடையிலிருந்து உப்புத் தண்ணீரை ஏற்றி நிரப்பினார்கள். அடியில் தார்ப்பாய்கூடப் போடவில்லை. மூன்றாம் மாதம் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தவள் காறித் துப்பினாள். ஐயோ, அந்த மழைக்காலத்தில் அவள் பட்ட பாடு! எல்லை நெடுக இடுப்பளவு பள்ளம் தனியாளாக வெட்டினாள். மழைத் தண்ணீரை வயலில் தேக்கி, உப்பு கரையட்டும் என்று மூன்று தடவை வடித்துவிட்டாள். கையெல்லாம் கொப்புளம். போதும்க்கா என்றால் கேட்கிற ஜென்மமா அது?

பொங்கல் கழித்து உத்தரவு வந்தது. "இந்த வாட்டி என் கையி பொய் சொல்லக்கூடாது. எல்லாரும் பாருங்க" என்று கலியபெருமாளையும் வரப்பில் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். நான் பக்கெட்டைப் பிடித்தேன். பதினைந்து இடத்தில், கையால் சாண் அளந்து வெட்டினாள். உப்புப் பூத்த மூலைப் பக்கம் காலே வைக்கவில்லை. எது நல்ல இடம் என்று அவளுக்குத் தெரியாததா, முப்பது வருஷமாக மிதித்த மண். அரைக் கிலோவைத் துணிப்பையில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்து இரண்டு பேரும் ஆபீஸுக்குப் போனோம். ஜான்சி மேடம் பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பழையதில் உப்பின் அளவு ஆறு. புதியதில் ஒன்பது. அவர் முகம் கடுகடுவென்று ஆனது.

"என்னக்கா இது? மறுபடியும் அந்த மூலையிலயே சுரண்டிட்டீங்களா?"

சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றாள் அக்கா. "நல்ல எடமாப் பாத்துத்தான் எடுத்தேன்."