முதல் ஆல்பமும் என் ஸ்பானிஷும்

மெக்சிகோவில் எங்கள் கம்பெனி புதிதாக ஒரு பிளாண்ட் தொடங்குகிறது, கியர் கிரைண்டிங் லைனில் ஆட்களைப் பழக்க இங்கிருந்து இரண்டு பேர் போகவேண்டும் என்று மீட்டிங்கில் சொன்னார்கள். அந்த இருவரில் ஒருத்தி நான்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஓசூரில் அந்த மெஷின் வந்து இறங்கிய நாளிலிருந்து அதில் நிற்பவள் நான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்தேன். ஜவளகிரிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீட்டில் இருக்கிறேன்.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். அவர் மோசமானவர் இல்லை. யோசித்துத்தான் சொன்னார்.

"அங்க ஆபரேட்டர்களுக்கு இங்கிலீஷ் வராதும்மா. ஸ்பானிஷ்தான். அது தெரிஞ்சவங்களைத்தான் அனுப்ப முடியும்."

"கத்துக்கிடுதேன் சார்."

"எப்போ?"

"நீங்க அனுப்புறதுக்குள்ள."

கம்பெனி ஒரு ஆன்லைன் வகுப்பு வைத்தது. அது இன்ஜினியர்களுக்கு மட்டும். நேரமும் என் ஷிஃப்டுக்குள் விழுந்தது. போனில் ஒரு ஆப் இறக்கிப் பார்த்தேன். சிறுமி ஆப்பிள் சாப்பிடுகிறாள், பூனை பால் குடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சரியாகச் சொன்னால் மணி அடிக்கும். மணி நிறைய அடித்தது. வாயில் ஒன்றும் தங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மெக்சிகோவிலிருந்து ஒரு இன்ஜினியர் எங்கள் லைனைப் பார்க்க வந்தார். என் வயதுதான் இருக்கும். கேண்டீனில் தயிர்சாதத்தில் கிடக்கும் மிளகாயை ஒதுக்காமல் முதலில் அதைத்தான் எடுத்துச் சாப்பிடுவார். ஒருநாள் எதிரில் போய் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்: ஸ்பானிஷ் பேச என்ன வழி?

என் போனுக்கு ஒரு பாட்டு ஆல்பத்தை அனுப்பினார். அவருடைய அப்பா கேட்டு வளர்ந்த ஆல்பமாம். ராக் பாட்டை ஸ்பானிஷில் பாடத் துணிந்த முதல் குழுக்களில் ஒன்று. இது அவர்களுடைய முதல் ஆல்பம். எல்லாரும் பள்ளிக்கூடம் முடித்தும் முடிக்காத பையன்கள். ராக் என்றால் இங்கிலீஷ்தான், நம் மொழி இந்தத் தாளத்தில் உட்காராது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது என்றார்.

"அதனால ஒவ்வொரு வார்த்தையையும் தெளிவாப் பாடுவாங்க. உட்காரும்னு காட்டணும்ல. இப்ப இருக்கிற பாட்டுல எனக்கே பாதி புரியாது" என்றார்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் காதில் மாட்டினேன். எனக்கு ராக் பழக்கமில்லை. கிட்டார் கீச்சென்றது, டிரம்ஸ் தகர டப்பாவைத் தட்டுவது போலிருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. பாடகன் ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. மூச்சு வாங்கும் இடத்தில்கூட கடைசி எழுத்தைச் சொல்லிவிட்டுத்தான் வாங்கினான். முதல் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். சிப்காட் கேட்டில் இறங்கும்போது ஒரு வரி முழுதாக வாயில் இருந்தது. அர்த்தம் தெரியாது. ஆனால் இருந்தது.

வீட்டில் சமைக்கும்போதும் ஓடவிட்டேன். என் வீட்டுக்காரர் வேறு கம்பெனியில் வேலை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அத்திப்பள்ளி போனால் ஒன்று, பாகலூர் போனால் ஒன்று என்று நாக்கு தானாக மாறிக்கொள்ளும்.

"பாட்டக் கேட்டா பாஷை வருமாங்க?" என்றேன்.

"நான் என்ன படிச்சா கத்துக்கினேன்? காதுல வுழுந்துச்சி, வாயில வந்துச்சி. ஆனா தப்பாப் பேசறதுக்கு வெக்கப்படக் கூடாது. வெக்கப்பட்டா ஒண்ணும் வராது."

பாட்டில் 'பெரோ' என்று அடிக்கடி வரும். 'ஆனால்' என்று அர்த்தம். அதையே அழுத்தி 'பெறோ' என்றால் நாய். பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் டீச்சர் சின்ன ர, பெரிய ற இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால் பெஞ்சில் ஏற்றிவிடுவார். அந்தப் பழக்கம் இங்கே உதவியது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் எப்போதும் நாய்தான் வந்தது.

ஒவ்வொரு பாட்டாகப் பிடித்தேன். வார்த்தைக்கு அர்த்தம் தேடி, அதை வைத்து நானே நாலு வாக்கியம் போட்டு, லைனில் மெஷினைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பேன். நில், காத்திரு, திரும்பிப் பார், மெதுவா போ. காதல் பாட்டு என்றாலும் மெஷினுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. ஒரு பெண்ணைப் பற்றியது என்று நான் உருகிக் கேட்ட பாட்டு, கடைசியில் கிளம்ப மறுக்கும் ஒரு பழைய காரைப் பற்றியது என்று தெரிந்தபோது பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.

பிறகு அந்த பிளாண்டோடு வீடியோ காலில் பேசவேண்டி வந்தது. துணிந்து ஸ்பானிஷில் ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அவர்களுடைய லைன் லீடர், என்னைவிட மூத்த பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"யாரம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது? எங்க மாமா எல்லாம் சின்ன வயசுல டான்ஸுக்குப் போகும்போது இப்படித்தான் பேசுவாங்க."

நான் பேசியதெல்லாம் பழைய காலத்துப் பையன்களின் பேச்சு. இப்போது அங்கே யாரும் அப்படிப் பேசுவதில்லை. மீட்டிங் ரூமில் எங்கள் மேனேஜரும் உட்கார்ந்திருந்தார். கேமராவை அணைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அணைக்கவில்லை.

"அப்போ இப்ப எப்படிச் சொல்லணும்? சொல்லுங்க" என்று அதே பழைய ஸ்பானிஷில் கேட்டேன்.

அவர் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலிலும் நான் ஒரு பழைய வார்த்தையைப் போட, அவர் புதிய வார்த்தையைத் தருவார். போல்ட், கூலன்ட், ஓரத்தில் நிற்கும் உலோகப் பிசிறு எல்லாவற்றுக்கும் அவர் வாயிலிருந்துதான் பெயர் கிடைத்தது.

மெக்சிகோ போகிறவர்கள் பட்டியலில் முதலில் வேறு இரண்டு பேர் பெயர்தான் இருந்தது. மேனேஜரிடம் மறுபடி போனேன். "டெஸ்ட் வைங்க சார். வரலேன்னா விட்டுருதேன்" என்றேன். அந்த லைன் லீடரையே வீடியோ காலில் கூப்பிட்டார்கள். மெஷினில் வீலை, அதாவது கியரைத் தேய்க்கும் சாணைக்கல்லை, மாற்றுவதை ஆரம்பம் முதல் விளக்கச் சொன்னார்கள். தடுக்கி, நின்று, கையைக் காட்டி, ஆனால் முழுக்கச் சொன்னேன். "அனுப்புங்க" என்றார் அந்தம்மா. அடுத்த பட்டியலில் என் பெயரும் இருந்தது.

அங்கே போய்ச் சேர்ந்தபின் எல்லாம் சுலபமாக இல்லை. ஒரு சீனியர் ஆபரேட்டர் பெட்டியிலிருந்து புது வீலை எடுத்து நேராக மாட்டப் போனார். தட்டிப் பார்க்காமல் மாட்டக் கூடாது என்றேன். நல்ல வீல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் அடைத்த சத்தம் வரும். மாட்டி ஓடவிட்டால் சிதறிவிடும். அவர், "புதுசு இது, சப்ளையர்கிட்டேருந்து நேரா வந்தது" என்றார். நான் மெஷின் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"தட்டாம விடமாட்டேன்."

ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். டொக்கென்றது. விரிசல் என்பதற்கு அவர்கள் மொழியில் என்னவென்று சட்டென்று வரவில்லை. வாயில் இருந்ததைச் சொன்னேன்: "நோ கான்ட்டா." இது பாடவில்லை.

அவர் வீலை வாங்கித் தானே தட்டினார். அதை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துத் தட்டினார். கணீர். "இது பாடுது" என்றார். அதன்பிறகு அந்த லைனில் எல்லாருமே அப்படித்தான் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் லீடர் தன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். அவர் அப்பாவிடம் அந்த ஆல்பத்தின் பழைய இசைத்தட்டே இருந்தது. அட்டையில் படிய வாரிய தலையும் ஒல்லி டையுமாகப் பையன்கள், கிட்டாரை யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்பது போல இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ஊசியை வைத்ததும் நான் கூடவே பாடினேன். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வரி தெரியவில்லை. பெரியவர் எழுந்து நின்று பாடினார்.

பாட்டு முடிந்ததும் கேட்டேன்: "நம்ம மொழி இதுக்கு ஒத்துவராதுன்னு சொன்னாங்களாமே. இவங்க பாடின பிறகு சும்மா இருந்தாங்களா?"

"எங்க? பிறகும் சொன்னாங்க. எங்க அப்பாவே சொன்னார். இவங்க நிறுத்தல, அவ்வளவுதான்."

"ரெண்டாவது ஆல்பம் எப்படி இருக்கும்?"

"இவ்வளவு நல்லா இல்ல" என்றார் சிரிக்காமல்.

வேலை முடிந்து திரும்பி வந்தேன். அங்கே லைன் இப்போது அவர்கள் கையிலேயே ஓடுகிறது. சிக்கல் வந்தால் என்னைத்தான் நேரடியாகக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு, அடுத்து இன்னொரு லைன் போடப்போகிறார்கள், இந்த முறை ஒரு வருஷம், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லு என்றார்.

வீட்டில் கேட்டேன். "நானும் கூட வந்தா அங்க எனக்கு என்னா வேலை?" என்றார் அவர்.

"அது எனக்குத் தெரியாதுங்க. முதல்ல அந்த 'பெரோ'வைச் சரியாச் சொல்லுங்க, பாப்போம்."

வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இன்னும் நாய்தான். பயணத்துக்கு என் சம்மதத்தை மறுநாள் காலையிலேயே மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.