எடை கூடியவரின் கை அளவு

"நோயாளியுடன் தங்குபவர். அமைதி காக்கவும். உணவு, சிகிச்சை விஷயங்களில் தலையிடக் கூடாது" என்றது மருத்துவமனை கொடுத்த அட்டை. தையல்காரி அதைக் கழுத்தில் ஒழுங்காக மாட்டிக்கொண்டாள். கீழ்ப்படிதல் அத்தோடு முடிந்தது.

கணவருக்கு ஈரல் சுருங்கிவிட்டது. மாற்று ஈரல் வைத்தால் பிழைக்கலாம். ஆனால் அறுவையைத் தாங்கத் தெம்பு இருந்தால்தான் மாற்று ஈரலுக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சாப்பாட்டு இலாகா கணவரின் அக்காவிடம் இருந்தது. குடும்பத்தில் அவருக்கு ஜட்ஜம்மா என்று பெயர். ஈரல் கெட்டவனுக்கு முட்டையும் பருப்பும் விஷம் என்பது அவர் தீர்ப்பு. தம்பிக்கு வீட்டிலிருந்து வெறும் கஞ்சி வரும். வார்டு தட்டில் வரும் விஷத்தை வீணாக்க மனமில்லாமல் ஜட்ஜம்மாவே சாப்பிட்டுவிடுவார்.

மூன்று வாரத்தில் நோயாளிக்கு மூன்று கிலோ கூடியது.

"பாத்தியா, கஞ்சி வேலை செய்யுது" என்றார் ஜட்ஜம்மா.

தையல்காரிக்குத் தராசின் மேல் மரியாதை கிடையாது. நாடாவை எடுத்துக் கணவரின் மேல்கையைச் சுற்றினாள். வார்டில் சேரும் முன் சட்டைக்கு எடுத்த அளவைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவு. வயிறு மட்டும் பதினொன்று கூடுதல்.

"அக்கா, வயித்துல தண்ணி ஏறுது. கை வத்திப்போச்சு. கூடினது சதை இல்ல."

"நீ என்ன டாக்டரா?"

"இல்லக்கா. அளவெடுக்கிறவ."

"தீர்ப்பு எப்ப வரும்? பசிக்குது" என்றார் கட்டிலில் இருந்தவர்.

அளவுகளை எழுதி உணவு ஆலோசகரிடம் காட்டினாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தினம் முட்டை அனுப்புறோமே, யாரு சாப்பிடுறாங்க?"

"நல்ல ஈரல் இருக்கிறவங்க."

"உப்பை மட்டும் குறைங்கம்மா. முட்டை, பருப்பு, தயிர் எல்லாம் அவருக்கு வேணும். வயிறு ரொம்ப நேரம் காலியா இருக்கக் கூடாது. தூங்கப் போறப்பவும் ஏதாவது கொடுங்க."

மறுநாள் ஸ்கேனுக்காகக் காலையிலிருந்து பட்டினி. மூன்று மணிக்கு ஊழியர் வந்து, "இன்னைக்கு இல்ல. நாளைக்கும் வெறும் வயித்தோட இருக்கட்டும்" என்றார்.

அவள் அங்கேயே டப்பாவைத் திறந்தாள். "நாளைக்கு முதல் ஆளா கூப்பிடுங்க, வெறும் வயித்தோட கொண்டுவரேன். இல்லன்னா சாப்பிட்டுட்டுத்தான் வருவாரு."

முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள்.

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்" என்றார் ஜட்ஜம்மா, தம்பி வாய்க்குப் போகும் முட்டையைப் பார்த்தபடி.

"கேளுங்க. எங்கயும் ஓட மாட்டேன்."

வார்டிலும் பிறகு வீட்டிலுமாக நான்கு மாதம், நாளுக்கு ஏழு வேளை, அவள் கணவருக்குச் சாப்பாடு கொடுத்தாள். அவர் பெயர் பட்டியலில் ஏறியது.