ராட்டினத்தில் எதிர்ப்பெட்டி

இந்த இணையக் கணக்கில் என் நண்பர் பட்டியலில் எங்கள் வீட்டார் யாரும் இல்லை. அதனால்தான் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

டியூஷன் என்று சொல்லிவிட்டு, மாலையில் கூட்டாளியுடன் கடற்கரைக் கார்னிவலுக்குப் போனேன்.

ராட்டினத்தில் நாங்கள் இருவரும் ஏறியதும், ஓட்டுகிறவர் அரைச் சுற்றுச் சுற்றி, எங்களுக்கு நேர் எதிர்ப்பெட்டியைக் கீழே கொண்டுவந்தார்.

"இது வெறுமையாக் கிடந்தா ஒரு பக்கம் பாரம் இழுக்கும், மோட்டார் திணறும். கொஞ்சம் பாரமான ஆள் ஆராச்சும் வாங்க!"

வந்து ஏறியவர் என் மாமி, வாப்பாவின் தங்கை. "முழங்கால் வலி, உங்கட மாடிப்படி ஏற ஏலாது" என்று காலையில்தான் உம்மாவிடம் போனில் சொன்னவர்.

ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை சம உயரத்துக்கு வந்து, இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம்.

இறக்கும்போதும் அதே முறைதான். முதலில் நாங்கள், அடுத்தது மாமி.

"நான் உன்னக் காணல்ல, நீ என்னக் காணல்ல. விளங்கிச்சா புள்ள?"

"ஓம் மாமி."

இப்போது உம்மா யாருடனோ போனில் கதைத்துக்கொண்டிருக்கிறார். அது மாமியாக இருக்குமோ என்று பயந்து பயந்து களைத்துவிட்டேன்.

ஒரு பெட்டி காலியானால் மற்றதும் தொங்கிப்போகும் என்பது மாமிக்கும் தெரியும்தானே? யாராவது ஓம் என்று சொல்லுங்கள், நான் தூங்க வேண்டும்.