தேரோட்டி மண்டலத்தின் நாலாவது துண்டும் கூரத்துப் பக்கத்து ஒரு தெருவிளக்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் போனேன் என்றதும் பின்னூட்டத்தில் வந்து கோயில் நடை எப்போது திறக்கும், பட்டுப்புடவை எந்தக் கடையில் மலிவு, இட்லி எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்காதீர்கள். மூன்றும் எனக்குத் தெரியாது. இந்த வருடம் தை அமாவாசைக்கு ஒரு முறை, மாசி அமாவாசைக்கு இரண்டு நாள் தங்கலாக ஒரு முறை போனேன். மொத்தம் மூன்று மாலை. மூன்றிலும் தலையை அண்ணாந்துகொண்டு நின்றேன். அதையாவது நிம்மதியாகச் செய்ய விட்டார்களா என்றால், அதுவும் இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, வயது நாற்பத்தேழு, கார் கிடையாது. சின்னத் தொலைநோக்கியும் கேமராவும் வைத்து வானத்தைப் படம் எடுப்பது பழக்கம். மூன்று குளிர்காலமாக ஒரே படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வடவானத்தில் தேரோட்டி என்றொரு மண்டலம் உண்டு. பிப்ரவரி மாதம் இரவு எட்டு மணிக்கு வடக்கு பார்த்து நின்று நன்றாக நிமிர்ந்தால் மஞ்சளாக ஒரு பெரிய விண்மீன் தெரியும், அது இந்த மண்டலத்துடையதுதான். அதற்குச் சற்று மேலே வெறும் கண்ணுக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் அங்கேதான் எல்லாமே இருக்கிறது. ஓ, பி என்று வகை பிரித்து வைத்திருக்கும் ராட்சத இளம் விண்மீன்கள் கூட்டம் கூட்டமாக அங்கே பிறந்திருக்கின்றன. பிறந்து சில பத்து லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன, வானக் கணக்கில் பச்சைக் குழந்தைகள். அவற்றின் சூட்டில் சுற்றியுள்ள ஹைட்ரஜன் மேகங்கள் செக்கச்செவேலென்று ஒளிர்கின்றன. ஒரு மேகத்துக்குள் தலைப்பிரட்டைகள் மாதிரி வால் வைத்த இரண்டு உருவங்கள்கூட உண்டு.

இந்த மொத்தப் பகுதியையும் நான்கு துண்டுகளாக எடுத்து ஒட்டுவது என் திட்டம். மூன்று துண்டுகளை முந்தைய இரண்டு குளிர்காலங்களில் ஜவ்வாது மலையில் எடுத்துவிட்டேன். காரில் கூட்டிப்போன தோழி வேலை மாற்றலாகிப் புனே போய்விட்டாள். நாலாவது துண்டு மட்டும் பாக்கி. அதில்தான் எரியும் விண்மீன் நெபுலா என்கிற மேகம் இருக்கிறது, படத்துக்கே உயிர் அதுதான். மார்ச் வந்தால் மூட்டமும் புழுக்கமும் ஆரம்பித்துவிடும். பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் இருட்டான இடம் வேண்டும். காஞ்சிபுரம் இரண்டு மணி நேரம்தானே என்று கிளம்பினேன்.

தை அமாவாசையில் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாமல் இருக்கவே இந்தப் பத்தி. என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் வீடு செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கம். ஊரின் ஓரம், ஆறு, மொட்டை மாடி, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். செவிலிமேடு ஊருக்குத் தெற்கே இருக்கிறது. தேரோட்டி வடக்கே. தெற்கே போய் நின்று வடக்கே பார்த்தால் நடுவில் காஞ்சிபுரம் முழுக்க, கடைத்தெரு விளக்குகளோடு உட்கார்ந்திருக்கும் என்பது பத்தாண்டுகளாக வானம் பார்க்கும் எனக்கு மாடி ஏறிய பிறகுதான் உறைத்தது. போதாக்குறைக்கு எதிர்வீட்டுக்காரர், “மாடில யாரோ நிக்கிறாங்க, இருட்டா இருக்குதுபா” என்று தன் வீட்டு முகப்பு விளக்குகள் அத்தனையையும் போட்டுவிட்டார். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு.

அதனால் மாசி அமாவாசைக்கு ஊருக்கு வடமேற்கே, கூரம் பக்கம் போவது என்று முடிவு. வெள்ளிக்கிழமை மதியம் 1.20க்குத் தாம்பரத்தில் பஸ் ஏறி 3.35க்கு இறங்கினேன். பெரிய காஞ்சிபுரத்தில் விடுதி அறை ஒரு நாளைக்கு 900 ரூபாய், வெந்நீர் காலையில் மட்டும். 5.10க்கு ஆட்டோ. ஓட்டுநர் பெயர் தயாளன். போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 800 ரூபாய் பேசினோம். பதினொரு கிலோமீட்டர். நாற்பது நிமிடத்தில் போயிருக்கலாம்.

“வழில ஒரே ஒரு கடைமா. நம்ம ஆளுங்க. பாத்துட்டு பிடிக்கலன்னா வந்துடுங்க.”

“எனக்குப் புடவை வேண்டாம்பா. இருட்டறதுக்குள்ள போகணும்.”

“இருட்டனப்புறம் அங்க இன்னாமா இருக்குது பாக்க?”

கடைக்கு முன்னால் வண்டி நின்றேவிட்டது. கீழே இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்தேன். கடையிலிருந்து ஒருவர் வந்து முக்காலிப் பையைப் பார்த்துவிட்டு, உள்ளே சாமி சிலையா என்று கேட்டார். இருபது நிமிடம் போச்சு.

கூரத்தைத் தாண்டி ஓரிடத்தில் திரும்பியதும் ஒரு நெல் களம் கண்ணில் பட்டது. சிமெண்டுத் தரை, வடக்கே வயல்கள், மரம் மறைக்கவில்லை. பக்கத்து வீட்டு அமுதாதான் களத்தையும் பார்த்துக்கொள்கிறவர் என்று தெரிந்தது. என் வயதுதான் இருக்கும், நிலத்தில் வேலை. “நட்சத்திரமா? நில்லுமா, நெல்லா காயுது இப்ப” என்று அனுமதி கொடுத்துவிட்டார். மணி 6.25. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு உதவி செய்ய ஆரம்பித்தார்கள். ஒரு பெண் தனியாக இருட்டில் நிற்கிறாள் என்றால் அந்த ஊரில் யாருக்கும் மனசு கேட்காது போல. 7.20க்குப் பைக்கில் வந்தவர் முகப்பு விளக்கை என் மீது அடித்து நிறுத்தி, எதையாவது தொலைத்துவிட்டேனா என்று கேட்டார். இல்லை என்றதும், பரவாயில்லை தேடுங்கள் என்று விளக்கை அணைக்காமலே நின்றார். 7.40க்கு பம்புசெட்டிலிருந்து ஒருவர் நீளமான ஒயர் இழுத்து ஒரு குழல்விளக்கையே கொண்டுவந்து என் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நட்டார். வேண்டாங்க, வேண்டாங்க என்று நான் கத்தக் கத்த, “காசெல்லாம் வாணாமா” என்று சிரித்தார். அவர் போனதும் தயாளன் தன் பங்குக்கு ஆட்டோ விளக்கைப் போட்டார். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான்.

இவர்களையெல்லாம் ஒருவழியாக அனுப்பி, ஆட்டோ விளக்கையும் அணைக்க வைத்துவிட்டுப் பார்த்தால் கடைசி எதிரி நகராமல் நிற்கிறது. களத்தின் முக்கில், நாற்பது அடி தள்ளி, பஞ்சாயத்துத் தெருவிளக்கு. வெள்ளை வெளேரென்று எல்.இ.டி. அமுதா காப்பி கொண்டுவந்தபோது பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

“அக்கா, அந்த லைட்டை ரெண்டு மணி நேரம் அணைச்சு வைக்க முடியுமா?”

அவர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு விளக்கைத் திரும்பிப் பார்த்தார். “மூணு கிராம சபைல எழுந்து நின்னு சண்டை போட்டு வாங்குன லைட்டுமா அது. எம்பொண்ணு கம்பெனிக்குப் போவுது. பஸ்ஸு மெயின் ரோட்டு முக்குல எறக்கி வுட்டுட்டுப் போயிடும். அங்கருந்து அது நடந்து வரணும். ஒரு தபா இந்த வளைவுல எவனோ பின்னாடியே வந்துக்கினு இருந்தான். அதுக்கப்புறந்தான் நான் எழுந்து நின்னேன்.”

வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு வந்தது எரிச்சல். மூன்று வருடம், கடைசித் துண்டு, மேகமில்லாத வானம், ஒரு விளக்கு. சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன். அமுதா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எத்தினி வருஷமா இதுக்கு அலையிற?”

“மூணு.”

“நாளைக்கு வா. பஸ்ஸு ஒம்பதே காலுக்குத்தான் வரும். ஏழரைக்கு அணைச்சுக்கோ. ஒம்பதுக்கெல்லாம் போட்டுடணும்.”

கம்பத்துப் பெட்டிச் சாவி அவர் வீட்டில்தான் இருந்தது. பஞ்சாயத்தில் தெருவிளக்குகளையும் பார்த்துக்கொள்ளும் தண்ணீர்த் தொட்டிக்காரர் நம்பிக்கையாகக் கொடுத்து வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை 6.40க்கே போய்விட்டேன். தயாளனை 9.15க்கு வந்தால் போதும் என்று திருப்பி அனுப்பினேன். 7.30க்கு அமுதா பெட்டியைத் திறந்து எந்த சுவிட்ச் என்று காட்டினார். விளக்கு அணைந்ததும் வானம் மொத்தமாகக் கீழே இறங்கி வந்தது. அமுதாவுக்கு நாத்தனார் வீட்டில் ஏதோ பஞ்சாயத்து, அடுத்த தெரு. சாவியை என் கையில் வைத்தார். “நான் வர்றதுக்கு நேரமானாலும் நீ ஒம்பதுக்குப் போட்டுடுமா. மறந்துடாத.” மறக்கவே மாட்டேன் என்றேன்.

அவர் போன கையோடு மேகம் வந்தது. இரண்டு நாளாக எங்கே இருந்ததோ, சரியாக வடக்கே மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. 8.03க்குத்தான் விலகியது. ஒரு படம் இரண்டு நிமிடம். குறைந்தது முப்பது படமாவது சேர்ந்தால்தான் நெபுலா மேலெழும்பும். ஒன்பதுக்குள் இருபத்தெட்டு கிடைக்கும், சமாளித்துக்கொள்ளலாம் என்று தொடங்கினேன். ஒவ்வொன்றாக விழ விழத் திரையில் சிவப்பு தெரிந்தது. அந்த மேகத்தை எரிய வைக்கும் விண்மீன் அந்த இடத்துக்காரர் கிடையாது, தெரியுமா? ஓரியன் பக்கத்திலிருந்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் தூக்கியெறியப்பட்டு, போகிற வழியில் இந்த மேகத்துக்குள் நுழைந்திருக்கிறது. அது கடந்து போகிறவரை மேகத்துக்கு வெளிச்சம்.

8.38. பதினெட்டாவது படம் ஓடிக்கொண்டிருந்தது. மெயின் ரோட்டில் ஒரு பஸ் நின்று, கிளம்பிப் போனது. கம்பெனி பஸ்ஸா, வேறு பஸ்ஸா? ஒன்பதே கால் என்றுதானே சொன்னார்? பார்த்தவுடனே புரிந்துவிட்டது, இருந்தாலும் இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டேன். இந்த ஒரு படம் முடியட்டும் என்று நின்றேன். வேண்டுமென்றுதான் நின்றேன், அதைப் பூசி மெழுகப் போவதில்லை.

செருப்புச் சத்தம் வந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. நான் திரையிலேயே கண்ணாக நின்றேன். பிறகு மெதுவாக, “யாரு அங்க?” என்று ஒரு குரல்.

என் திரையின் மங்கலான சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறாள். ஓடினேன். சாவித் துவாரம் தெரியாமல் தடவித் தடவித் திறந்து சுவிட்சைத் தட்டினேன். வெளிச்சத்தில் அந்தப் பெண் கைப்பையை மார்போடு அணைத்து வேலியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. கையில் ஒரு கல்.

நான் யாரென்று சொன்னேன். மன்னிப்பு கேட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் கல்லைக் கீழே போட்டுவிட்டு மூச்சு விட்டாள்.

“ஓவர்டைம் கேன்சல் ஆன்ட்டி. போன்ல சார்ஜ் இல்ல, அம்மாக்கு சொல்ல முடியல. லைட்டப் பிடுங்கிட்டாங்களோன்னு நெனச்சேன்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “விடுங்க. ரெண்டு வருஷம் இப்படித்தான வந்துக்கினு இருந்தேன்.”

பெயர் நந்தினி. திரையைக் காட்டினேன். குனிந்து பார்த்து, ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டாள், சொன்னேன். “நல்லாதான் இருக்குது” என்றாள். தலைக்கு மேலே விளக்கு எரிய எரிய நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். அமுதா ஓடி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நந்தினி, “ஆன்ட்டி லைட்ட போட்டாங்கமா” என்று முந்திக்கொண்டாள். பிறகு நானே நடந்ததைச் சொன்னேன். அமுதா கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

இனி நீங்கள் கேட்கப்போகிறவை. வடவானப் பகுதிகளை எடுப்பதானால் ஊருக்கு வடக்கே நில்லுங்கள். இரவு ஒன்பதரைக்குமேல் ஆட்டோ கிடைக்காது, போக வரப் பேசிக்கொள்ளுங்கள், கடை வேண்டாம் என்பதையும் சேர்த்தே பேசுங்கள். மாசியில் பனி உண்டு, லென்ஸுக்குச் சூட்டுப் பட்டை அவசியம். என் செலவு இரண்டு நாளுக்கு 3,740 ரூபாய். களம் சரியாக எங்கே என்று எழுதவில்லை, தனிச்செய்தியில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். எந்த ஊர்க் களத்தில் நின்றாலும் அங்கே எரிகிற விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். விளக்கின் வெளிச்சத்தை வடிகட்ட வழி இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும்.

பதினேழு படங்களைச் சேர்த்துத் துண்டை ஒட்டிவிட்டேன். அந்த மூலை மட்டும் பொரிபொரியாக இருக்கிறது. பதினெட்டாவதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. 8.37.20க்குத் தொடங்கி 8.39.20க்கு முடிந்திருக்கிறது, நான் ஓடியது அதற்குப் பிறகு. அன்று எடுத்ததிலேயே அதுதான் தெளிவு, வேறெந்த வெளிச்சமும் துளிகூட விழவில்லை. அதில் பாதி நேரத்துக்கு மேல் நந்தினி இருட்டில் நடந்து வந்து, கல்லோடு நின்றிருக்கிறாள். அதைச் சேர்க்கவில்லை.