லைட்டுக்கடை ராத்தா

பழைய துண்டில் சுற்றிய மூன்று பல்புகள், நீளமான ஒயரின் முனையில் ஒரு ஹோல்டர், ஒரு டெஸ்டர். லைட்டுக்கடை ராத்தா முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருடைய கூடையில் இருந்தவை இவ்வளவுதான். நாகமலை புதுக்கோட்டையில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டி முடித்து, விளக்கு மாட்டுவது மட்டும் பாக்கியிருந்த நேரம். மதுரைக்குள் இருந்த அவருடைய கடையில் என் கணவர் ஹாலுக்கு ஒரு கண்ணாடிச் சரவிளக்கைத் தேர்ந்தெடுத்தார். பெட்டியில் கட்டச் சொன்னபோது ராத்தா, "வீட்டப் பாக்காம நான் லைட்டு கொடுக்கிறதில்ல. நாளைக்கு இருட்டுற நேரமா வாரேன்" என்று சொல்லிவிட்டார். கடையில் வேலை பார்த்தவர்கள் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயதே கூட இருப்பார். எனக்கும் அந்தப் பெயரே வாயில் ஒட்டிக்கொண்டது.

சொன்னபடியே வந்தார். வந்ததும் சுவர்களைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார். இந்த வீட்டில் யார் முதலில் எழுந்திருப்பது, யார் எங்கே உட்கார்ந்து படிப்பது என்று கேட்டுக்கொண்டே நடந்தார். சமையலறையில் கூரையின் நடுவில் விட்டிருந்த ஒயரில் பல்பை மாட்டி, என்னை மேடை முன்னால் நிறுத்தி, காய் வெட்டுவதுபோலக் குனியச் சொன்னார். முதுகில் விழுந்த வெளிச்சத்தில் என் நிழலே மேடையை மூடிக்கொண்டது. "காலம்பூரா உங்க நெழலுக்குள்ளயே கத்தி பிடிக்கப் போறீங்களா?" என்று சிரித்தார். அலமாரிக்கு அடியில் ஒரு வெள்ளை விளக்கு போதும் என்றார். படுக்கையறைக்கு மஞ்சள் வெளிச்சம். அதுவும் படுத்தவர் கண்ணில் நேராக விழாமல் சுவரில் பட்டு வரவேண்டும். கண்ணாடி முன்னால் நிற்பவருக்கு விளக்கு தலைக்கு மேலே இருந்தால் கண்ணுக்குக் கீழே குழி விழும், இரண்டு பக்கமும் வைக்கவேண்டும் என்றார். சாமி அறையின் வாசலில் நின்றபடி, "இங்க சின்னதா ஒண்ணு போதும். நீங்க ஏத்துற விளக்கு தெரியணும்ல" என்றார். இத்தனை வருடம் வெளிச்சத்துக்குக் கீழேயே வாழ்ந்தும் அதை ஒருமுறைகூட நான் கவனித்ததில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்பா எங்களோடுதான் இருந்தார். பரவைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. எழுபதைத் தாண்டிய பிறகும் தினமும் காலையில் மொபெட்டில் காய்கறி மூட்டையைக் கட்டி, தானே பரவை மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போவார். அம்மா போன பிறகு அவரை நிமிர்த்தி வைத்திருந்தது அந்தப் பயணம்தான். ராத்தா நடைவழியில் மங்கலான பல்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அப்பா அந்தப் பக்கமிருந்து வந்தார். எலக்ட்ரீசியன் இடது ஓரத்தில் விட்டுப்போன ஸ்டூலில் இடித்துக்கொண்டு, "எவன்டா இத நடுவுல போட்டது?" என்று சத்தம் போட்டார். ஸ்டூல் நடுவில் இல்லை. நானும் கணவரும் சிரித்தோம். ராத்தா சிரிக்கவில்லை.

"ஐயா, ஒரு நிமிசம் நில்லுங்க. என் மூக்கையே பாருங்க, கண்ணத் திருப்பாதீங்க. பல்பு தெரிஞ்சதும் சொல்லுங்க" என்றபடி, எரியும் பல்பை அப்பாவின் காதுப் பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். எனக்கு அந்தச் சூடே தெரிவதுபோல இருந்தது. அப்பா பேசாமல் நின்றார். கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் "ம், தெரியுது" என்றார். மறுபக்கமும் அப்படியே.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ லைட்டு விக்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?"

"விக்கத்தான் ஐயா வந்தேன். எங்க வீட்டுக்காரரும் இப்பிடித்தான் வாசக்கால்ல இடிச்சாரு. வயசாயிருச்சுன்னு சொல்லி நானும் சிரிச்சேன். ஓரப் பார்வை போயி, அப்புறம் நேர்ப் பார்வையும் போயிருச்சு. நீங்க நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க. லைட்டு எங்கயும் ஓடிராது."

அப்பா அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "ஒரு வருசமாவே ஓரம் தெரியலத்தா. சொன்னா வண்டிச் சாவிய வாங்கிருவீகன்னு இருந்துட்டேன். போன வாரம் பரவை ரோட்டுல பள்ளிக்கூடத்துப் பிள்ள ஒண்ணு குறுக்க வந்துச்சு. அது கத்துனதுக்கப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்தது அம்மாவைத் தூக்கிய அன்று மட்டும்தான்.

கண்ணாஸ்பத்திரியில் கண் அழுத்த நோய் என்றார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அவர் ஆரம்பித்ததை நான் முழுதாகக் கேட்கவில்லை. ராத்தா மறுபடி வந்தார். சரவிளக்கைக் கொடுக்க மறுத்துவிட்டார். பளபளக்கும் டைல்ஸில் அத்தனை கண்ணாடித் துண்டும் மின்னினால் ஐயாவுக்கு எது தரை, எது வெளிச்சம் என்று தெரியாது என்றார். படுக்கையிலிருந்து குளியலறை வரை முழங்காலுக்குக் கீழே சின்னச் சின்ன விளக்குகள், படியின் ஒவ்வொரு விளிம்புக்கும் வெளிச்சம், அப்பாவின் நாற்காலிக்குத் தோளுக்குப் பின்னால் வளைத்துத் திருப்பிக்கொள்ளும் ஒரு விளக்கு என்று மாற்றி வைத்தார். நான்கு வருடமாகிறது. அப்பா ஒருமுறைகூட விழவில்லை. மார்க்கெட்டுக்கு இப்போது பக்கத்துத் தோட்டக்காரரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறார். கத்தரிக்காயின் சொத்தையை மட்டும் எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்.

போன மாதம் ஒரு பை நிறையப் பிஞ்சு வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு, ராத்தா வீட்டுக்குப் போகவேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். பழைய மதுரையின் குறுகலான சந்தில் இரண்டே அறை உள்ள வீடு. பொழுது சாய்ந்து, மக்ரிப் தொழுகைக்கான பாங்கு சொல்லி முடிந்த நேரம். ராத்தா உள்ளறைக்குப் போய், கண்ணை மூடியபடி நாற்காலியில் இருந்த கணவருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கைப் போட்டார். அவர் முகம் திரும்பவில்லை. முழுப் பார்வையும் போய்ப் பத்து வருடம் என்று எங்களுக்குத் தெரியும்.

அடுத்தவர் விஷயத்தில் அப்பாவுக்குத் தோன்றியது உடனே வாயில் வந்துவிடும். "அவருக்குத்தான் தெரியாதேம்மா. எதுக்கு லைட்டு?" என்று கேட்டுவிட்டார்.

ராத்தா கோபப்படவில்லை. கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சொன்னார்: "அவருக்கு வேணாம்தான் ஐயா. ஆனா வீட்டுல எல்லாரும் வெளிச்சத்துல இருக்கையில, அவர மட்டும் இருட்டுல விட்டு நாங்க பழகிரக் கூடாதுல்ல?"

புது இடத்தில் சுவரைப் பிடித்தே நடக்கும் அப்பா, அன்று சுவரைத் தொடாமல் உள்ளே நடந்துபோய், அந்த விளக்குக்கு அடியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்ன பாய், இன்னைக்குப் பரவையில வெண்டைக்காய் வரத்து எம்புட்டுன்னு நெனைக்கிறீக?" என்று பேச ஆரம்பித்தார்.